காருக்கு அளவெடுக்கும் அரசுகள்

ஒரு நாட்டில் எந்தக் கார் அதிகம் ஓடுகிறது என்ற கேள்விக்குப் பதில் ஷோரூமில் இல்லை. பெரும்பாலும் அந்த நாட்டின் வரி அட்டவணையில் இருக்கிறது.

2012 பிப்ரவரியில் மாருதியின் ஸ்விஃப்ட் டிசையர் புது வடிவில் வந்தபோது பின்பக்கம் எதையோ இழந்திருந்தது. முந்தைய காரின் நீளம் 4,160 மி.மீ. புதியது 3,995. குறைந்தது 165 மி.மீ., ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. அத்தனையும் டிக்கியில் வைத்த கை. 440 லிட்டராக இருந்த டிக்கியின் கொள்ளளவு 316 ஆகச் சுருங்கியது. புது மாடல் என்றால் பழையதைவிடக் கொஞ்சமாவது வளர்ந்திருப்பதுதான் கார் உலக வழக்கம். இது தேய்ந்து வந்தது. வாங்குகிறவர்கள் யாரும் டிக்கியை வெட்டச் சொல்லவில்லை. வெட்டச் சொன்னது மத்திய அரசின் எக்சைஸ் வரி.

2006 பிப்ரவரி 28-ம் தேதி நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட் ‘சின்னக் கார்’ என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நீளம் 4,000 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். இதற்குள் அடங்கும் காருக்கு எக்சைஸ் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2008-ல் அது 12 ஆனது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் சின்னக் கார்களை உலகத்துக்கே தயாரித்துத் தரும் நாடாக இந்தியா வளர வேண்டும் என்பது நோக்கம். கம்பெனிகள் நோக்கத்தை அமைச்சரிடமே விட்டுவிட்டு அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டன.

முதலில் கத்தரி வைத்தது டாடா. 2008-ல் வந்த இண்டிகோ சிஎஸ்ஸின் நீளம் 3,988 மி.மீ. பின்னாலேயே மாருதி, ஹோண்டா, ஹூண்டாய் எல்லாம் வந்தன. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன்கூட 2016-ல் அமியோ என்று ஒரு காரை இந்தியாவுக்கென்றே வடிவமைத்தது. யாரோ அவசரமாகக் கதவைச் சாத்தியதில் பின்பக்கம் நசுங்கியதுபோலத் தோன்றும் இந்த செடான்கள், இந்தியச் சாலைகளுக்கே உரிய தனி ஜாதி. செடானோடு நிற்கவில்லை. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு 2013-ல் தயாரிக்கத் தொடங்கிய எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மி.மீ. எல்லைக்கு ஒரே ஒரு மி.மீ. பாக்கி.

இதை இந்தியாவின் தனிக் கிறுக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்கருக்குப் பெரிய வண்டி, ஜப்பானியருக்குக் குட்டிக் கார், நார்வேக்காரருக்கு மின்சாரக் கார் என்று தேசிய குணத்தோடு காரை முடிச்சுப் போடுவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ரசனைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இலையில் வைத்ததைத்தானே சாப்பிட முடியும்? இலையில் எதை வைப்பது என்று தீர்மானிப்பது பல நாடுகளில் நிதியமைச்சகம்.

இந்த வித்தையில் முன்னோடி ஜப்பான். அங்கே ‘கெய்’ என்று ஒரு தனி வகைக் கார் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நொடித்துப்போன நாட்டில், மோட்டார் சைக்கிளுக்கு மேல் வாங்க வசதியில்லாதவர்களும் நாலு சக்கரத்தில் போகட்டும் என்று 1949-ல் உருவாக்கப்பட்ட பிரிவு. 1975 வரை இன்ஜின் 360 சிசியைத் தாண்டக் கூடாது. பிறகு 550 சிசி. 1990 முதல் 660. இன்று கெய் காரின் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர். ஒரு மி.மீ. கூடினாலும் அது சாதாரணக் கார். கெய் காருக்கு ஆண்டு வரி 10,800 யென். சாதாரணக் காருக்குக் குறைந்தபட்சமே 25,000 யென். நகரங்களில் சாதாரணக் கார் வாங்குகிறவர், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் முதலில் சான்று பெற வேண்டும். கெய் கார்களுக்குப் பல ஊர்களில் அந்தத் தொல்லை கிடையாது.

விளைவு? ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கெய். உலகத்துக்கெல்லாம் டொயோட்டாவை விற்கும் நாட்டில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் விற்பனையில் முதலிடம் பிடித்தது ஹோண்டாவின் என்-பாக்ஸ் என்ற கெய் கார். நெருப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். நீளத்துக்கும் அகலத்துக்கும் கடிவாளம் இருப்பதால் இடத்துக்காகக் கார் மேல்நோக்கி வளர்ந்துவிட்டது.

இந்தியா டுடேயின் வாசகர்களில் பலர் தங்கள் முதல் காரை ஓட்டக் கற்றதற்கும் இந்த ஜப்பானிய வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1978-ல் சுசூகியின் தலைவரான ஒசாமு சுசூகி, மறு ஆண்டே ஆல்டோ என்ற கெய் காரைக் கொண்டுவந்தார். விலை 4,70,000 யென். அந்த விலை சாத்தியமானதற்கு ஒரு தந்திரம் காரணம். பயணிகள் காருக்கு அப்போது ஜப்பானில் தனி வரி இருந்தது. சரக்கு வண்டிக்கு இல்லை. சுசூகி ஆல்டோவைச் சரக்கு வண்டி என்று பதிவு செய்து விற்றது. முன்னால் இருவர் தாராளமாக உட்காரலாம். பின் சீட் பேருக்கு. அமோகமாக விற்றது.

அதே ஆல்டோதான் 796 சிசி இன்ஜினோடு குர்காவுனுக்கு வந்து மாருதி 800 ஆனது. மக்கள் கார் தயாரிப்பதாக 1971-ல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி, அவர் 1980-ல் விமான விபத்தில் இறக்கும்வரை ஒரு காரையும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அரசு அதைத் தன் கையில் எடுத்து 1982-ல் சுசூகியோடு ஒப்பந்தம் போட்டது. சுசூகிக்கு 26 சதவீதப் பங்கு. 1983 டிசம்பர் 14-ம் தேதி, சஞ்சயின் பிறந்த நாளன்று, முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தனர். 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்படும்வரை இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது அந்தக் கார். ஜப்பானிய வரி அதிகாரி ஒருவர் என்றோ வகுத்த அளவில் ஒரு தலைமுறை இந்தியக் குடும்பங்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து திருப்பதிக்கும் ஊட்டிக்கும் போய்வந்தன.

அந்த ஒரு லட்சம் பேர் ஏன் அப்படித் துடித்தார்கள் என்பதற்கு இன்னும் 30 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார்களைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தன. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே முடுக்குவார்கள். 1953-ல் சுங்க வரி ஆணையம், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டும் வெளியேறின. மிஞ்சியது கல்கத்தா அருகே உத்தரபாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். முதலாவது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அம்பாசடராக்கியது. இரண்டாவது இத்தாலியின் ஃபியட் 1100-ஐ எடுத்துக்கொண்டது. அதுவே பிறகு பத்மினி. சென்னை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனில் ட்ரையம்ஃப் என்று பெயர் வாங்கிய வண்டி.

சுவரைச் சுற்றி எழுப்பியாயிற்று. உள்ளே மூன்று கார். எத்தனை தயாரிக்கலாம் என்பதற்கும் லைசென்ஸ். எனவே அம்பாசடர் இந்தியாவின் ‘பிரபல’ கார் ஆனது. மேட்டிலும் பள்ளத்திலும் அசராத வண்டி, எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய வண்டி என்பதெல்லாம் உண்மை. மந்திரிகளும் கலெக்டர்களும் வெள்ளை அம்பாசடரில் வந்ததால் அதற்கு ஓர் அதிகாரக் களையும் சேர்ந்தது. ஆனால் அது பிடித்துப்போனதா, வேறு வழியில்லாமல் பழகிப்போனதா என்பது சுவர் இடியும்வரை தெரியவில்லை. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 20,000-க்கு மேல் விற்ற கார், 2013-14 நிதியாண்டில் சுமார் 2,200 மட்டுமே விற்றது. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையின் கதவு மூடப்பட்டது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ வாங்கியது.

சுவருக்குள் என்ன நடக்கும் என்பதை இன்னும் துல்லியமாகக் காட்டிய நாடு கிழக்கு ஜெர்மனி. அங்கே சுவிக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபன்ட் காருக்கு இரண்டு சிலிண்டர். ஸ்கூட்டரைப்போல டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். இரும்புத் தகடு கிடைக்காததால் உடலின் பெரும்பகுதி பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய பிளாஸ்டிக் பலகை. 30 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். குழந்தை பிறந்ததுமே அதன் பேரில் பதிவு செய்துவைத்த பெற்றோர் உண்டு. ஓடித் தேய்ந்த டிராபன்டின் விலை புதிதைவிட அதிகம். புதிதுக்குக் காத்திருக்க வேண்டும், பழையது இன்றே கிடைக்கும். பெர்லின் சுவர் இடிந்த 1989 நவம்பரில் மேற்கே புகை கக்கியபடி வரிசையாகப் போன இந்தக் கார்களை உலகமே டெலிவிஷனில் பார்த்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பலர் அதைத் தெருவில் விட்டுவிட்டுப் பழைய ஃபோக்ஸ்வாகன் வாங்கிக்கொண்டார்கள். இப்போது சுவிக்காவில் ஃபோக்ஸ்வாகன் ஆலைதான் நிற்கிறது. மின்சாரக் கார் தயாரிக்கிறார்கள்.

சுவர் எழும்பினால் பழைய கார் தங்கமாகும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி இலங்கை. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் கொழும்பு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து ஏற்கெனவே அங்கு வந்துசேர்ந்திருந்த கெய் கார்களின் விலைகூட வாங்கியதைவிட ஏறியது.

சுவரை ஏணியாக்க முயன்றவர் மலேசியாவின் மகாதிர் முகமது. ரப்பரும் ஈயமும் விற்கும் நாடு கார் விற்க வேண்டும் என்று அவர் 1983-ல் தொடங்கியது புரோட்டான். 1985-ல் வந்த புரோட்டான் சாகாவின் உள்ளே இருந்தது ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர். வெளிநாட்டுக் கார்கள் மீது 100 சதவீதத்தைத் தாண்டிய வரி இருந்ததால் விரைவிலேயே மலேசியாவில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் புரோட்டான். 1990-களில் ஆசிய நாடுகளுக்கு அது ஓர் உதாரணமாகக்கூடக் காட்டப்பட்டது. பிறகு பாசம் தேய்ந்தது. 2016-ல் அரசு 150 கோடி ரிங்கிட் சலுகைக் கடன் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. 2017-ல் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் ஜீலிக்குப் போனது. இன்று புரோட்டான் பெயரில் ஓடும் பெரிய வண்டிகளின் உள்ளே இருப்பது ஜீலி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மகாதிர் அரசு 1993-ல் பெரொடுவா என்று இரண்டாவது கம்பெனியையும் தொடங்கியது. ஆரவாரம் இல்லாமல் அது 1994-ல் வெளியிட்ட கன்சில் (மலாயில் சருகுமான்) உண்மையில் ஜப்பானின் டைஹட்சு மிரா. 660 சிசி. அதாவது மீண்டும் அதே கெய். 2006-ல் பெரொடுவா புரோட்டானை முந்தியது. 2024-ல் மலேசியாவில் விற்ற 100 வாகனங்களில் 44 பெரொடுவா. தேசப் பெருமைக்காகத் தொடங்கிய கார் தள்ளாட, மலிவு விலைக்காகத் தொடங்கியது ஜெயித்தது. ஆனால் இரண்டுக்கும் அதே சுவர்தான் நிழல் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நிழலுக்கான வாடகையை இரண்டு தலைமுறை மலேசியர்கள் கார் விலையில் கட்டினார்கள்.

சுவரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆஸ்திரேலியா எடுத்துப் பார்த்தது. 1948 நவம்பர் 29-ல் பிரதமர் பென் சிஃப்லி திரைவிலக்கிய ஹோல்டன், அந்த நாட்டின் சொந்தக் கார். (சொந்தக்காரர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். ஆனால் ஆஸ்திரேலியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) ஹோல்டன் குடும்பம், ஃபோர்டு குடும்பம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஆண்டுதோறும் பாத்தர்ஸ்டில் நடக்கும் கார் பந்தயத்தன்று அந்தச் சண்டை, இங்கே தீபாவளிக்கு இரண்டு நட்சத்திரங்களின் படம் மோதுவதுபோல. 1996 முதல் 2010 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து அதிகம் விற்ற கார் ஹோல்டன் கொமடோர்.

1980-களின் நடுவில் இறக்குமதிக் கார் மீதான வரி 57.5 சதவீதம். கான்பெரா அதைப் படிப்படியாகக் குறைத்து 2010-ல் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. கார் விலை இறங்கியது, தேர்வு பெருகியது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். டாலர் மதிப்பு ஏறியதும் உள்ளூர் ஆலைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2016 அக்டோபரில் ஃபோர்டு நிறுத்தியது. 2017 அக்டோபர் 3-ம் தேதி டொயோட்டா. அதே மாதம் 20-ம் தேதி அடிலெய்டின் எலிசபெத் புறநகரில் கடைசி ஹோல்டன், சிவப்பு நிற கொமடோர், ஆலையைவிட்டு வெளியே வந்தது. கடைசிவரை இருந்த 900-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2020-ல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. மலிவான காருக்கு ஆசைப்பட்டவர்களும் அந்த மலிவுக்கு வேலையைப் பறிகொடுத்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். சில வீடுகளில் ஒரே ஆள்.

சரி, சுதந்திரமாகத் தேர்வு செய்யும் ஆஸ்திரேலியர் இப்போது எதை வாங்குகிறார்? 2016 முதல் 2022 வரை முதலிடம் டொயோட்டா ஹைலக்ஸ். 2023, 2024-ல் ஃபோர்டு ரேஞ்சர். இரண்டுமே பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்-அப் வண்டிகள். இரண்டுமே தாய்லாந்திலிருந்து வருபவை. தாய்லாந்து பல ஆண்டுகளாகக் கார்களைவிடப் பல மடங்கு குறைவான வரியை பிக்-அப்களுக்கு விதித்து, நெல்லும் காய்கறியும் ஏற்றும் விவசாயியை வாங்க வைத்தது. அதனால் அங்கே பிக்-அப் ஆலைகள் பெருகின. 2005-ல் இரு நாடுகளுக்கும் இடையே வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலானது. ஆஸ்திரேலியாவின் சொகுசுக் கார் வரியும் இந்தச் சுமை வண்டிகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. தாய் விவசாயியை மனதில் வைத்துப் போட்ட வரி, சிட்னியில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் வண்டியைத் தீர்மானித்திருக்கிறது.

பிக்-அப் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய நாடு அமெரிக்கா. அங்கே 1981 முதல் ஆண்டுதோறும் அதிகம் விற்கும் வாகனம் ஃபோர்டின் எஃப் வரிசை பிக்-அப். பரந்த நிலம், பண்ணை வாழ்க்கை, கௌபாய் மனோபாவம் என்று காரணம் அடுக்குவார்கள். ஒரு கோழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான பிராய்லர் கோழி ஐரோப்பாவில் குவிந்தது. ஜெர்மனியும் பிரான்சும் அங்கம் வகித்த ஐரோப்பியப் பொதுச் சந்தை கோழிக்கு வரி போட்டது. பேசிப் பார்த்துப் பயனில்லை. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடியாக உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு டிரக் ஆகிய நான்கின் மீது 25 சதவீத வரி விதித்தார். டிரக் வரியின் குறி ஃபோக்ஸ்வாகன். 1964 ஜனவரியில் அமலானது.

கோழிச் சண்டை ஓய்ந்தது. மற்ற பொருள்கள் மீதான வரி நீங்கியது. டிரக் வரி மட்டும் போகவே இல்லை. சாதாரணக் காருக்கு 2.5 சதவீதம், பிக்-அப்புக்கு 25 சதவீதம் என்றே 60 ஆண்டுகள் ஓடின. ஜப்பானியக் கம்பெனிகள் கார்ச் சந்தையில் அமெரிக்கக் கம்பெனிகளைப் பந்தாடியபோது, டெட்ராய்ட் இந்த வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பிக்-அப்பில் லாபம் பார்த்தது. லாபம் இருக்கும் இடத்தில்தானே விளம்பரமும் இருக்கும்? கௌபாய்க்கு அந்த விளம்பரங்களில் நிறைய வேலை கிடைத்தது.

வேலியை ஏமாற்ற நடந்த கூத்துகளுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஜப்பானின் சுபாரு தன் பிராட் வண்டியின் திறந்த தொட்டியில், பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டுகளைப் பொருத்தியது. உட்கார இடம் இருப்பதால் இது டிரக் அல்ல, கார் என்று வாதம். அந்த வண்டி ஒன்றை ரொனால்ட் ரீகன் தன் பண்ணையில் வைத்திருந்தார். வேலியால் பிழைத்த ஃபோர்டே பிறகு வேலி தாண்டியது. துருக்கியில் தயாரித்த டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேன்களைப் பின் சீட், ஜன்னல் கண்ணாடியோடு பயணிகள் வண்டியாகப் பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கியது. சுங்கத்தைத் தாண்டியதும் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. பல ஆண்டு வழக்குக்குப் பின் 2024-ல் அமெரிக்க அரசுக்கு 36.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு இறக்குமதிக் கார்களுக்கும் கூடுதலாக 25 சதவீத வரியைக் கொண்டுவந்தது. சில நாடுகளுக்குப் பின்னர் குறைத்தாலும், பிக்-அப்புக்கு நடந்தது காருக்கும் நடக்கத் தொடங்கிவிட்டது.

எல்லா வரியும் கோழியில் பிறப்பதில்லை. நார்வேயில் ஒரு பாப் பாடகரின் அடாவடியில் பிறந்தது. 1989-ல் ஆ-ஹா இசைக் குழுவின் மோர்ட்டன் ஹார்கெட்டும் பெலோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹேகேயும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டாவை வரவழைத்து, சுங்கச் சாவடிகளில் காசு கட்ட மறுத்து ஓட்டினார்கள். அபராதம் குவிந்தது. அரசு காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. ஏலத்தில் அவர்களே எடுத்துத் திரும்பவும் ஓட்டினார்கள். அரசு களைத்துப்போய் 1997-ல் மின்சாரக் கார்களுக்குச் சுங்கச் சாவடிக் கட்டணத்தை நீக்கியது. பதிவு வரி, 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றிலிருந்தும் படிப்படியாக விலக்கு. பெட்ரோல் கார் மீது வரி மேல் வரி. 2024-ல் நார்வேயில் விற்ற 100 புதுக் கார்களில் 89 மின்சாரக் கார். 2022 முதல் 2024 வரை முதலிடம் டெஸ்லா மாடல் ஒய். இத்தனை சலுகைக்கும் ஈடுகொடுக்கும் வசதி நார்வேக்கு எங்கிருந்து வந்தது என்றால், வட கடலில் எடுத்து விற்கும் பெட்ரோலியத்திலிருந்து.

இந்தியாவின் நான்கு மீட்டர் விதிக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்று பிரேசிலைச் சொல்லலாம். 1990-களில் அது 1,000 சிசி வரையிலான கார்களுக்கு வரியை வெட்டி ‘மக்கள் கார்’ என்று பெயரிட்டது. 2000-களின் தொடக்கத்தில் அங்கே விற்ற பத்துக் கார்களில் ஏழு 1,000 சிசி. மலைப்பாதையில் மூச்சு வாங்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: 1,600 சிசி இன்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் 1993-ல் சலுகை கிடைத்தது. ஜனாதிபதி இடாமர் ஃபிராங்கோவுக்கு அந்தக் கார் பிடிக்கும். 1986-ல் நிறுத்தப்பட்ட காரைத் திரும்பத் தயாரிக்கச் சொன்னார், தயாரித்தார்கள். மூன்று ஆண்டில் மறுபடி நின்றது.

இந்தியாவில் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22-ம் தேதி அமலான ஜிஎஸ்டி மாற்றம் அதை அழுத்தமாக்கியிருக்கிறது. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசி பெட்ரோல் அல்லது 1,500 சிசி டீசல் என்றால் 18 சதவீதம். தாண்டினால் 40. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 22 சதவீத வித்தியாசம். நாற்பதாண்டு மாருதி ஆதிக்கத்தை முறித்து 2024-ல் அதிகம் விற்ற காரான டாடா பஞ்ச்கூட அந்த அளவில் தைத்த சட்டைதான்: 3,827 மி.மீ., 1,199 சிசி. அம்பாசடர் 4.3 மீட்டர் நீளம். இன்று வந்திருந்தால் 40 சதவீதப் பட்டியலில் மந்திரி வண்டியாகவே நின்றிருக்கும்.

கோட்டுக்குள் அடங்கியவர்கள் எல்லாம் பிழைத்தார்கள் என்பதும் இல்லை. நான்கு மீட்டருக்குள் உயரமான வண்டி என்ற வகையைப் பிரபலமாக்கியதே எக்கோஸ்போர்ட். மாருதி, டாடா, ஹூண்டாய், மகிந்திரா எல்லாம் அதே அளவில் குவிந்ததும் கூட்டத்தில் அது காணாமல் போயிற்று. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பைக் கைவிட்டது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்தது.

அடுத்த சண்டை கிலோ கணக்கில். 2025 செப்டம்பரில் வெளியான எரிபொருள் சிக்கன விதிகளின் வரைவு, 909 கிலோவுக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்குத் தனிச் சலுகை தர யோசித்தது. அந்த எடையில் அதிகக் கார் வைத்திருப்பது மாருதி. அது ஆதரித்தது, போட்டியாளர்கள் எதிர்த்தார்கள். வாங்குகிறவர்களின் நலன் பற்றி இரு தரப்பும் உருக்கமாகப் பேசின.

இதற்கிடையே மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எவ்வளவு நீளமாக இருந்தாலும் 5 சதவீதம்தான். 2024 நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய பிஇ 6 என்ற மின்சாரக் காரின் நீளம் 4,371 மி.மீ. டிக்கியில் 455 லிட்டர் இடம் இருக்கிறது.